குசினித் தண்ணீரும் கொழுப்புப் பாறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, பரந்தன் பக்கத்தில் வீடுகளுக்கும் சாப்பாட்டுக்கடைகளுக்கும் கட்டட வரைபடம் கீறிக் கொடுப்பது என் தொழில். குசினித் தண்ணீர் போகும் வழியைக் காட்டும் இடத்துக்கு விரல் வந்ததும் "இதுக்கு ஏன் இவ்வளவு செலவு" என்ற பேச்சுத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு எழும் சந்தேகங்கள் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. லண்டனிலுள்ள உறவினர் அனுப்பிய காணொளியைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்களும் இப்போது சேர்ந்திருக்கிறார்கள். ஆகவே விடைகளை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

லண்டன்ல சாக்கடைக்குள்ள கொழுப்பு மலை மாதிரி வளந்து கிடந்ததாம் எண்டு அண்ணா சொல்றார். உண்மையோ, சும்மா வட்ஸ்அப் கதையோ?

உண்மைதான். 2017 செப்டெம்பரில் கிழக்கு லண்டனின் வைட்சப்பல் பகுதியில், தெருவுக்கு அடியில் செல்லும் பழைய கழிவுநீர்ச் சுரங்கத்துக்குள் ஏறத்தாழ 250 மீற்றர் நீளமும் 130 தொன் நிறையும் கொண்ட கட்டியொன்று அடைத்துக் கிடப்பது தெரியவந்தது. 8 பேர் கொண்ட குழுவொன்று உயரழுத்த நீர்பாய்ச்சும் குழாய்களுடன் உள்ளே இறங்கி, வாரக்கணக்கில் அதை உடைத்து அகற்றியது. அதிலிருந்து எடுத்த துண்டொன்று 2018 பெப்ரவரியில் லண்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதற்கு முன்னர் 2013 இல் கிங்ஸ்ரன் பகுதியில் 15 தொன் கட்டியொன்று அகப்பட்டபோதே இந்த விடயம் செய்திகளில் பரவலாகப் பேசப்பட்டது.

ஆங்கிலத்தில் கொழுப்பையும் பனிப்பாறையையும் குறிக்கும் சொற்களை ஒட்டி 'ஃபற்பேர்க்' என்கிறார்கள். தமிழில் 'கொழுப்புக்கட்டி' என்றால் கேட்பவர் தோலுக்கடியில் வரும் கட்டியை நினைத்துத் தன் கையைத் தடவிப் பார்ப்பார். ஆகையால் நான் 'கொழுப்புப் பாறை' என்றே சொல்லி வருகிறேன்.

எண்ணெய் தண்ணி மாதிரித்தானே ஓடுது, அது எப்பிடிக் கல்லாகும்?

வெறும் எண்ணெய் குளிர்ந்து உறைவதால் மட்டும் இது உண்டாவதில்லை. கழிவுநீரில் கிடக்கும் எண்ணெயை நுண்ணுயிர்கள் உடைக்கும்போது கொழுப்பமிலங்கள் பிரிகின்றன. பொரித்துப் பொரித்துக் கறுத்த எண்ணெயிலோ அவை ஏற்கெனவே நிறைய இருக்கும். அந்த அமிலங்கள் தண்ணீரிலும் சீமெந்திலும் உள்ள கல்சியத்தோடு சேரும்போது கல்சியச் சவர்க்காரம் உண்டாகிறது. குளிக்கும் சவர்க்காரம் நீரில் கரையும், இது கரையாது. ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் சாக்கடைகளிலிருந்து எடுத்த படிவுகளை ஆராய்ந்து, அவை பெரும்பாலும் இவ்வகைச் சவர்க்காரமே என்று 2011 இல் காட்டினார்கள்.

இதைப் பார்க்க லண்டன் போக வேண்டியதில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. உடுப்புத் தோய்க்கும்போது சவர்க்காரம் எளிதில் நுரைக்காது, வாளியின் உட்சுவரில் சாம்பல் வெள்ளைப் படலமொன்று ஒட்டிக்கொள்ளும், நகத்தால் சுரண்டினால் மெழுகுபோல வரும். அந்தப் படலமும் கல்சியச் சவர்க்காரமே. வாளியில் ஒட்டிய அந்தப் படலம் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தால் என்ன ஆகுமோ, அதுதான் வைட்சப்பலில் கிடந்தது.

எங்கட இடம் வெக்கை. இஞ்ச எண்ணெய் உறையாதே?

பாதி சரி. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24, 25 பாகை செல்சியசில் உருகுவதால், மார்கழி, தை மாத விடியற்காலைகளில் மட்டும் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கும். மற்றக் காலங்களில் தண்ணீராகவே கிடக்கும். ஆனால் மாட்டுக்கொழுப்பும் ஆட்டுக்கொழுப்பும் எங்கள் வெயிலிலும் உறைந்தே இருக்கும். ஆட்டுக்கறிச் சட்டியை இரவில் கழுவாமல் விட்டுக் காலையில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வெக்கை உதவாத இடம் வேறொன்று. மேலே சொன்ன கல்சியச் சவர்க்காரம் உருகுவதற்கு வேண்டிய வெப்பம் எந்த ஊர் வெயிலிலும் கிடையாது. வெப்பம் கூடினால் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்து அமிலங்களைச் சீக்கிரமாகப் பிரித்துவிடும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

வன்னியில நிலக்கீழ்ச் சாக்கடையே இல்லை. பிறகெதுக்கு எங்களுக்கு இந்தக் கதை?

நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். இலங்கையில் நிலக்கீழ்க் குழாய் வழியாகக் கழிவுநீர் அகற்றும் வசதி மிகச் சிறு பங்கு மக்களுக்கே உண்டு. கொழும்பில் ஆங்கிலேயர் காலத்தில் இட்ட குழாய்கள் இன்றும் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலை நோக்கிப் போகின்றன. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ அப்படி எதுவும் இல்லை. மலசலகூடத் தண்ணீர் மலக்குழிக்கும், குசினித் தண்ணீர் வளவுக்குள் வெட்டிய ஊறுகுழிக்கும் போகிறது. கடைகளில் சில வேளை இரண்டையும் ஒரே குழிக்குள் விட்டுவிடுகிறார்கள்.

லண்டன்காரருக்குச் சுரங்கம் அடைபடுகிறது. எங்களுக்கு மண் அடைபடுகிறது. ஊறுகுழியின் வேலை, தண்ணீரைச் சுற்றியுள்ள மண்ணின் நுண்துளைகள் வழியாக இறங்கவிடுவது. எண்ணெயும் அந்தச் சவர்க்காரப் படிவும் துளைகளில் பூசிக்கொண்டால், குழி வெறும் தொட்டியாகிவிடும். நெடுஞ்சாலை ஓரமாகவிருந்த கொத்துரொட்டிக் கடையொன்றின் குழியை, கட்டி இரண்டு வருடங்கூட ஆகாத நிலையில், மூடியைக் கிளப்பிப் பார்க்கக் கூப்பிட்டார்கள். மேலே ஒரு முழத் தடிப்பில் பழைய மெழுகுதிரி நிறத்தில் ஆடை படர்ந்திருந்தது. அலவாங்கால் குத்தியபோது ஈரப் புட்டுப்போல உதிர்ந்தது. உள்ளே கருவேப்பிலை, தேயிலைச் சக்கை, ஒரு சோடாப் போத்தல் மூடி. நாற்றம் மலக்குழி நாற்றமல்ல, புளித்துப்போன வெண்ணெய் நாற்றம். குழியின் சுவரை ஒட்டித் தோண்டிய மண் கையில் பிசுபிசுத்தது, தண்ணீர் ஊற்றினால் மணிகளாக உருண்டு நின்றது. அந்தக் குழியை மூடிவிட்டு வேறோரிடத்தில் புதிதாக வெட்டுவதைத் தவிர வழியிருக்கவில்லை.

மாரியிலதான் குழி நிரம்புது. அது மழையால வாற பிரச்சினையெல்லோ?

ஐப்பசி முதல் மார்கழி வரை நிலத்தடி நீர் மேலெழுவதால் நல்ல குழிகூட மெதுவாகவே உறிஞ்சும். அதனால் எல்லாப் பழியும் மழைமேல் விழுகிறது. சித்திரை வெயிலில், கிணறு வற்றிக் கிடக்கும் நாளிலும் குழி நிரம்பி நின்றால் காரணம் மழையல்ல.

எங்கட அம்மம்மாவும் பொரிச்சவதானே, அப்ப ஏன் அடைக்கேல்லை?

பொரித்தார், ஆனால் அந்த எண்ணெய் குழாய்க்குள் போகவில்லை. முன்பு பாத்திரம் கிணற்றடியில் கழுவப்பட்டது. பொச்சும் அடுப்புச் சாம்பலும் கொண்டு தேய்க்கும்போது சாம்பலிலுள்ள காரம் எண்ணெயோடு சேர்ந்து கரையக்கூடிய சவர்க்காரமாக ஓரளவு மாறியது. மீதியைச் சாம்பலே உறிஞ்சிக்கொண்டது. அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைக்குப் போய், திறந்த மண்ணில் காற்றும் வெயிலும் பட்டுச் செரித்தது. விருந்தென்றால் வாழையிலை, கழுவுவதற்குத் தட்டு இல்லை, இலையில் மிஞ்சிய நெய்யும் குழம்பும் மாட்டுக்குப் போயின.

அளவும் வேறு. எண்ணெய் போத்தலில் அளந்து வாங்கிய வீட்டில், ஒரு தாச்சி பொரித்த எண்ணெயை மறுநாள் தாளிப்பதற்கு எடுத்து வைப்பார்களேயன்றி ஊற்றமாட்டார்கள். போருக்குப் பின்னர் கட்டிய வீடுகளில் குசினி உள்ளே வந்தது, கழுவுதொட்டி வந்தது, சாம்பல் போனது, வாழையடிக்குப் போன தண்ணீர் குழாய்க்குள் மறைந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அம்மாமார் கிணற்றடியில் குந்தியிருந்து சட்டி தேய்த்த காலம் திரும்ப வேண்டுமென்றும் நான் விரும்பவில்லை. வசதி மாறியபோது வழக்கம் மாறவில்லை என்பதே என் முறைப்பாடு.

அப்ப எந்தச் சாப்பாட்டாலதான் இது கூட வருது?

அமிழ்த்திப் பொரிக்கும் சாப்பாடும் கொழுப்புள்ள இறைச்சியும் முதலிடம். றோல்ஸ், கட்லட், வடை, பொரித்த கோழி, பிறைட் றைஸ், டெவல், எண்ணெய் தேய்த்து அடிக்கும் பராட்டா, அதைக் கொத்திச் செய்யும் கொத்து ஆகியவை முன்பு திருவிழாவுக்கோ பட்டணம் போனாலோ சாப்பிட்டவை. இப்போது கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு கல்லில் தகடு தட்டும் சத்தம் கேட்காத சந்தி குறைவு. ஒரு வீட்டில் சோறும் மரக்கறியும் மீன்குழம்பும் ஆக்கிய சட்டிகளைக் கழுவிய தண்ணீரையும், ஒரு கொத்துக்கடையின் தகட்டைச் சுரண்டிக் கழுவிய தண்ணீரையும் இரண்டு போத்தல்களில் எடுத்து ஒரு மணிநேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். மேலே மிதக்கும் படையின் தடிப்பே விடை சொல்லும்.

கடையில் வாங்கிச் சாப்பிடும் பழக்கம் கூடினால் எண்ணெய் பல வீடுகளில் சிறிது சிறிதாகப் போவதற்குப் பதிலாக ஒரே வாசலில் குவிகிறது. ஆகவே உணவுப் பழக்கத்தைப் பார்க்கும்போது எதைச் சாப்பிடுகிறோம் என்பதோடு எங்கே சமைக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மடுத் திருவிழா, வற்றாப்பளைப் பொங்கல் நாட்களில் தற்காலிகக் கடைகள் வரிசையாக எழும்போது இந்தக் குவிப்பைக் கண்ணால் காணலாம்.

தேங்காய்ப்பாலும் இதுக்குள்ள சேருமோ?

சேரும். முதற்பாலின் தடிப்பே கொழுப்புத்தான். பால்கறிச் சட்டியை வழிக்காமல் கழுவினால் எண்ணெய்ச் சட்டியைக் கழுவியதுபோலத்தான்.

நல்லெண்ணெய்க்கு மாறினா பிரச்சினை தீருமோ?

தீராது, சற்றுத் தணியலாம். நல்லெண்ணெயின் கொழுப்பமிலங்களில் 80 வீதத்துக்கு மேல் நிரம்பாத வகையானவை, அதாவது எளிதில் உறையாதவை. அவை உண்டாக்கும் படிவு மென்மையானது. பாம் எண்ணெயில் நிரம்பிய வகையான பாமிற்றிக் அமிலம் 40 வீதத்துக்கு மேல் உண்டு, தேங்காய் எண்ணெயிலோ இன்னொரு நிரம்பிய வகையான லோரிக் அமிலம் ஏறத்தாழப் பாதி. பாறைகளில் அதிகம் காணப்படுவது பாமிற்றிக் அமிலமே. ஆனால் அதை மட்டும் வைத்து எல்லாம் பாம் எண்ணெயால் வந்தது என்று சொல்லிவிட முடியாது; கழிவுநீரிலுள்ள நுண்ணுயிர்கள் வேறு எண்ணெய்களின் அமிலங்களையும் பாமிற்றிக் அமிலமாக மாற்றக்கூடியவை.

எந்த எண்ணெய் உடம்புக்கு நல்லது என்பது வேறு கேள்வி. அதை வைத்தியரிடம் கேளுங்கள், வரைபடம் கீறுபவரிடம் கேட்காதீர்கள்.

கொதிதண்ணியும் பாத்திரம் கழுவுற சோப்பும் விட்டா கரைஞ்சு போகாதோ?

உங்கள் கண்முன்னால் கரையும். கொதிதண்ணீரில் உருகிய கொழுப்பு பத்து அடி தள்ளிப் போனதும் ஆறிவிடும். அப்போது அது கைக்கு எட்டாத இடத்தில் ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெயைச் சிறு துளிகளாகச் சிதறடித்துத் தண்ணீரோடு இழுத்துச் செல்கிறது. குழியில் நிறையத் தண்ணீரோடு கலந்து வீரியம் குறைந்ததும் துளிகள் மீண்டும் ஒன்றுசேர்ந்து மேலே மிதக்கும். தொட்டி துப்புரவாக இருக்கிறது, குழி நிரம்புகிறது.

கோஸ்டிக் சோடா போட்டா?

கொழுப்பைச் சவர்க்காரமாக்கும் என்ற கணக்கில் போடுகிறார்கள். குழாய் வளைவில் இருக்கும் சிறு அடைப்பு சில வேளை விடும். குழியில் உள்ள பெருங்கட்டிக்கு ஒன்றும் ஆகாது. உண்டாகும் சவர்க்காரம் எங்கள் கடினநீரின் கல்சியத்தோடு சேர்ந்து, இரண்டாம் விடையில் சொன்ன கரையாத பொருளாகவே மாறும். மலக்குழியோடு சேர்ந்த குழாயென்றால் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களும் சாகும். கண்ணிலும் கையிலும் பட்டால் கடுமையாக எரித்துவிடும் பொருள் என்பதால், பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை வைத்திருக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

கொழுப்புப் பொறி, கொழுப்புப் பொறி எண்டு கீறுறீங்கள். அது என்ன எலிப்பொறியோ?

ஏறத்தாழ அப்படித்தான்; எலிக்குப் பதில் எண்ணெய் அகப்படும். கழுவுதொட்டிக்கும் குழிக்கும் இடையில் இரண்டு அல்லது மூன்று அறைகள் கொண்ட ஒரு சிறு தொட்டி. உள்ளே வரும் தண்ணீர் வேகம் தணிந்து நிற்கும்போது எண்ணெய் இலேசானதால் மேலே மிதக்கிறது, சோறும் மண்டியும் அடியில் தங்குகின்றன. வெளியேறும் குழாயின் வாய் தொட்டியின் அடிப்பாதியில் இருப்பதால், நடுவிலுள்ள தெளிந்த தண்ணீர் மட்டுமே போகிறது. பெரும்பாலும் பிழைக்கும் இடம் இந்தக் குழாய்வாய்தான். மேசன்மார் வழக்கப்படி மேல்மட்டத்தில் நேர்க்குழாய் வைத்துவிட்டால், பொறி எண்ணெயைப் பிடிப்பதற்குப் பதிலாக எண்ணெயை மட்டும் தேர்ந்து அனுப்பும். 'ரீ' எனப்படும் T வடிவ இணைப்பைப் பொருத்தி ஒரு காலைக் கீழே இறக்க வேண்டும், மேற்காலைத் திறந்து விட வேண்டும்.

கடைக்கு இது இல்லாமல் நான் படம் கீறுவதில்லை. வீட்டுக்கு, பெரிய குடும்பமோ சமையல் ஓடரோ இல்லாவிட்டால், தொட்டிவாய்க்கு நல்ல வடிதட்டும் அடுத்த விடையில் உள்ள பழக்கமும் போதும். பொறியில் மேலே மிதப்பதும் அடியில் தங்கியதும் சேர்ந்து மொத்த ஆழத்தின் கால்வாசியை எட்டும்போது வழிக்க வேண்டும்; ஒரு தடியை இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். வழிக்காத பொறி, பொறி இல்லாத கடைக்குச் சமம்.

பொரிச்ச எண்ணெயை அப்ப என்னதான் செய்யிறது?

வீட்டில் மிஞ்சுவது சிறிதளவுதான். சட்டி ஆறியதும் பழைய பேப்பராலோ சாம்பலாலோ துடைத்து எடுத்துவிட்டுக் கழுவுங்கள். செலவில்லாத இந்த ஒரு வேலையே பெரும்பகுதியைத் தடுத்துவிடும். மிஞ்சிய எண்ணெயைப் போத்தலில் சேர்த்து வைத்தால் விறகு மூட்டவோ, மண்வெட்டி, கத்தி துருப்பிடிக்காமல் பூசவோ உதவும். வளவுக்குள் ஒரே இடத்தில் ஊற்றாதீர்கள். நான்காம் விடையில் சொன்ன பிசுபிசுத்த மண் அங்கேயும் உண்டாகும்.

கடைக்காரர்கள் தகரத்தில் சேர்த்து, மீள்பயன்பாட்டுக்கு வாங்குபவர்களிடம் கொடுக்கலாம். ஆனால் வாங்குபவர் அதை எதற்குக் கொண்டுபோகிறார் என்று கேளுங்கள். கறுத்த எண்ணெய் தெளியவைக்கப்பட்டு இன்னொரு தாச்சிக்குள் போவதாயிருந்தால், குழியில் ஊற்றுவதைவிட அது மோசமானது. வைட்சப்பலில் எடுத்த கொழுப்பின் ஒரு பகுதியை வாகனங்களுக்கான உயிர்டீசலாக மாற்றினார்கள். கழிவு எண்ணெயின் நல்ல முடிவு அப்படியானதாக இருக்க வேண்டும்.

நாங்கள் ஊத்துறது ஒரு கரண்டி. அதால என்ன வந்திடப்போகுது?

நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி என்றால் 15 மில்லிலீற்றர். வருடத்துக்கு ஏறத்தாழ ஐந்தரை லீற்றர். இருபது வருடம் இருக்குமென்று நம்பிக் கட்டிய குழிக்குள் 110 லீற்றர், அதாவது அரைப் பீப்பாய் எண்ணெய். குழி உங்களுடையது.

ஈரத் துடைப்புத்தாள், பம்பர்ஸ் எல்லாம் கக்கூசுக்குள்ள போடலாமோ? பெட்டியில போடலாமெண்டுதான் கிடக்கு.

போடக்கூடாது. பிரித்தானிய நீர் நிறுவனங்களின் அமைப்பு 2017 இல் வெளியிட்ட ஆய்வில், சாக்கடை அடைப்புகளில் எடுத்த பொருட்களில் 93 வீதம் இந்த ஈரத் துடைப்புத்தாள்களே என்று கண்டார்கள். அவற்றில் பலவற்றில் பிளாஸ்ரிக் நார் இருப்பதால் ஊறினாலும் கிழியாது. கொழுப்பு சாந்து என்றால் இவை அதற்குள் வைத்த கம்பி. எங்கள் மலக்குழிகளில் இவை, குழியை உறிஞ்சி எடுக்க வரும் கலிபவுசரின் உறிஞ்சுகுழாயில் சிக்கி, வந்த பவுசர் பாதியில் திரும்பிப் போகக் காரணமாகின்றன.

வைட்சப்பல் ஆசியக் கடைகள் கூடின இடமாம். எங்கட ஆக்களின்ர பொரியலால வந்ததெண்டு ஆரோ எழுதியிருந்தினம்?

அந்தப் பகுதியில் சாப்பாட்டுக்கடைகள் அதிகம் என்பது உண்மை. ஆனால் இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்திலுள்ள சிட்மத் என்ற சிறிய கடற்கரை ஊரில் 64 மீற்றர் நீளமான பாறையொன்று கிடந்ததாக 2019 சனவரியில் அறிவித்தார்கள். அது ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர் நிறைய வாழும் ஊர். அங்கே யாரும் கொத்துப் போடவில்லை. பன்றிக்கொழுப்பில் பொரித்தாலும் பாம் எண்ணெயில் பொரித்தாலும் தொட்டியில் ஊற்றினால் இரசாயனம் ஒன்றுதான்.

டவுனுக்குக் குழாய்ச் சாக்கடை ஒண்டு போட்டுத் தந்தா இந்தத் தலையிடி எல்லாம் போயிடுமே?

உங்கள் வளவிலிருந்து போகும், தெருவுக்கு வரும். எங்கள் நிலம் பெரும்பாலும் தட்டையானது என்பதால் குழாய்களில் சரிவு குறைவாகவே கிடைக்கும், தண்ணீர் மெதுவாக ஓடும், மெதுவாக ஓடும் இடத்தில் படிவு கூடும். பிவிசிக் குழாய் சீமெந்துக் குழாயைவிட நல்லது என்றாலும், கல்சியம் எங்கள் கிணற்றுத் தண்ணீரிலேயே இருப்பதால் அதுவும் முழுக் காப்பல்ல. குழாய் வரும் நாளில் ஒவ்வொரு கடைவாசலிலும் வேலை செய்யும் பொறி இருக்கவேண்டும் என்பதை இப்போதிருந்தே பழக்கினால்தான் அந்தக் குழாய் நிலைக்கும்.

பக்கத்து வளவுக் கிணத்தில எண்ணெய் மாதிரி மினுங்குது. எங்கட குழியாலதான் எண்டு சண்டைக்கு வருகினம். என்ன செய்ய?

முதலில் ஒரு ஈர்க்கால் அந்த மினுக்கத்தைக் குத்திப் பாருங்கள். அது கண்ணாடித் துண்டுகள்போல உடைந்து, உடைந்தபடியே பிரிந்து நின்றால், தண்ணீரிலுள்ள இரும்பினால் வளரும் நுண்ணுயிர்களின் படலம். அதற்கும் உங்கள் குழிக்கும் தொடர்பில்லை. ஈர்க்கை எடுத்ததும் மீண்டும் ஒன்றாகக் கூடிக்கொண்டால்தான் எண்ணெய். சமையல் எண்ணெய் மண்ணில் ஒட்டி நின்றுவிடுவதால் கிணறுவரை வருவது அரிது. மண்ணெண்ணெயோ, நீர் இறைக்கும் இயந்திரத்தின் எண்ணெயோ சிந்தியிருக்கிறதா என்று அவர்களுடைய கிணற்றடியையே முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் குழி அடைபட்டு மாரியில் நிரம்பி வழிகிறதென்றால், கிணற்றுக்குப் போவது எண்ணெயல்ல, கிருமி. அது மினுங்காது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். விடை வரும்வரை இரண்டு வீட்டாரும் கொதித்தாறிய தண்ணீரைக் குடியுங்கள்.